ஒன்றரை மைலுக்கு அரை நாள்: லேடி பேர்ட் ஜான்சன் ரெட்வுட் தோப்பில் ஒரு சுற்று

பே ஏரியாவில் இருக்கும் நம் ஆட்களுக்கு ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் சுற்றிக்காட்ட ஒரு பட்டியல் தயாராக இருக்கும். கோல்டன் கேட் பாலம், லிவர்மோர் கோவில், யோசெமிட்டி, அப்புறம் வானுயர வளரும் ரெட்வுட் மரம் பார்க்க மியூர் வுட்ஸ். மியூர் வுட்ஸை நான் குறை சொல்லமாட்டேன், நல்ல காடுதான், சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கம். ஆனால் 2018-லிருந்து அங்கே கார் நிறுத்தவே முன்பதிவு செய்தாக வேண்டும், சனி ஞாயிறில் போனால் மரத்தைவிட மனிதர்களைத்தான் அதிகம் பார்ப்போம், முன்னால் போகிற குடும்பம் போட்டோ எடுத்து முடிக்கும்வரை பின்னால் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். ரெட்வுட் காட்டை நிஜமாகவே சத்தமில்லாமல் பார்க்க வேண்டுமென்றால் வடக்கே போகணும். 101 நெடுஞ்சாலையைப் பிடித்து யுரேக்கா, ஆர்கேட்டா எல்லாம் தாண்டி ஓரிக் என்ற சின்ன ஊர்வரை.

அங்கேதான் ரெட்வுட் தேசியப் பூங்காவின் லேடி பேர்ட் ஜான்சன் தோப்பு இருக்கிறது. சுமார் ஒன்றரை மைல் சுற்றுப்பாதை, ஏற்ற இறக்கம் கிட்டத்தட்ட இல்லை. நுழைவுக் கட்டணமும் இல்லை, பர்மிட்டும் வேண்டாம்.

"ஒன்றரை மைல் நடக்குறதுக்கு ஆறு மணி நேரம் காரா?" என்றார் அப்பா. நியாயமான கேள்விதான். என் பதில், இந்த மரங்களைப் பார்க்க நீள நடை தேவையில்லை, நிதானம்தான் தேவை என்பது. எழுபது வயதைத் தாண்டிய முழங்கால்களோடு ஐந்து மைல் நடந்தால் கண் பாதையிலும் வலியிலும்தான் இருக்கும். ஒன்றரை மைல் என்றால் நிற்கலாம், உட்காரலாம், பார்த்ததையே திரும்பவும் பார்க்கலாம். அதனால் இந்தச் சின்ன பாதைக்கு ஒரு காலை முழுவதையும் ஒதுக்கிவிடுங்கள். 'வழியில் ஒரு அரை மணி நேரம் இறங்கிப் பார்த்துட்டுப் போவோம்' என்று திட்டம் போட்டால் பேசாமல் வராமலேயே இருக்கலாம்.

ஒரே நாளில் போய்த் திரும்புகிற வேலையை நினைக்கவே வேண்டாம். நாங்கள் ஆர்கேட்டாவில் இரவு தங்கினோம். அங்கிருந்து ஓரிக் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. பெட்ரோலை ஆர்கேட்டாவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், மேலே போகப் போக ஊர்களே குறைவு. ஓரிக்கைத் தாண்டியதும் வலப்பக்கம் பால்ட் ஹில்ஸ் ரோடு பிரியும். பிரிந்த உடனே செங்குத்தான ஏற்றம், இரண்டரை மைலில் தோப்பு வந்துவிடும், ஆனால் அந்த இரண்டரை மைலும் வளைவுதான். கார் பயணத்தில் குமட்டல் வருகிறவர்களை முன் சீட்டில் உட்கார வையுங்கள், திரும்பி இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டிருக்காமல் லோ கியரில் வாருங்கள். பெரிய மோட்டார் ஹோம், ட்ரெய்லர் எல்லாம் இந்த ரோட்டுக்குச் சரிவராது. மேலே போன் சிக்னல் கிடைக்கும் என்று நம்பாமல், தங்குமிடத்து வைஃபையிலேயே மேப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்கிங் சின்னது. எல்லாத்தையும் தீர்மானிப்பது அதுதான். காலை ஒன்பதுக்கு முன்னால் போனால் நாலைந்து கார்தான் நிற்கும், பத்தரைக்கு மேல் இடம் தேடி வட்டமடிக்க வேண்டிவரும். நிறைந்திருந்தால் ரோட்டோரத்தில் சொருகப் பார்க்காதீர்கள், குறுகலான வளைவு, அது ஆபத்து. கீழே இறங்கி பக்கத்திலேயே இருக்கும் ப்ரெய்ரி க்ரீக் ரெட்வுட் பூங்காவைச் சுற்றிவிட்டு சாயங்காலம் ஐந்துக்கு மேல் வாருங்கள், கோடையில் எட்டு மணிவரை வெளிச்சம் இருக்கும். கழிப்பறை பார்க்கிங்கிலேயே இருக்கிறது, பாதையில் கிடையாது. குடிக்கத் தண்ணீரைக் கீழேயிருந்தே கொண்டுபோய்விடுங்கள்.

உடை விஷயத்தில் ஒன்று சொல்லணும். கலிஃபோர்னியா கோடை என்றதும் ஊரிலிருந்து வந்தவர்கள் வெயிலை எதிர்பார்க்கிறார்கள். ஜூலையிலும் இந்தக் கடற்கரை ஓரம் குளிரும், மூடுபனி இருந்தால் ஈரக்குளிர். அம்மா புடவைக்கு மேல் என் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, காலுக்கு சாக்ஸும் ஸ்போர்ட்ஸ் ஷூவுமாக நடந்தார். அது போதும், மலையேறும் பூட்ஸ் எல்லாம் தேவையில்லை. செருப்பு மட்டும் வேண்டாம்.

பார்க்கிங்கிலிருந்து ரோட்டுக்கு மேலேயே ஒரு மரப்பாலம் போகிறது. அதைக் கடந்து கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரியும், எந்தப் பக்கம் போனாலும் அதே இடத்துக்குத்தான் வந்து சேரும். நான் செய்வது இதுதான்: முன்னால் ஒரு கும்பல் போனால் அவர்கள் எடுக்காத பக்கத்தை எடுப்பது. எதிரே ஒரு தடவை பார்த்து ஒரு 'ஹாய்' சொல்வதோடு முடிந்துவிடும். அவர்களுக்குப் பின்னாலேயே போனால் சுற்று முழுக்க அவர்கள் வீட்டுக் கதையைக் கேட்டுக்கொண்டே நடக்கணும். நம் வீட்டுக் கதைக்கும் ஒரு தடை போட்டோம். பாதையின் மறுகோடியில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது, அதுவரை யாரும் பேசக்கூடாது என்று. அம்மா இதை முதலில் சீரியஸாக எடுத்துக்கொள்ளவில்லை, பாலத்தைத் தாண்டிய பிறகும் சித்தப்பா பையன் கல்யாணத்தைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார், அப்பா உதட்டில் விரலை வைத்ததும் முறைத்துவிட்டு நிறுத்தினார்.

பேச்சு நின்றதும் முதலில் காதில் விழுந்தது சொட்டுச் சத்தம். அன்று மழை இல்லை. மரத்துக்கு அடியில் மட்டும் பாதை நனைந்திருந்தது, இரண்டு மரங்களுக்கு நடுவே திறப்பாக இருந்த இடத்தில் மண் காய்ந்துதான் கிடந்தது. கடலிலிருந்து வரும் மூடுபனி மேலே ஊசியிலைகளில் படிந்து, திரண்டு, சொட்டுகிறது. கோடையில் இங்கே மழை அநேகமாக இல்லை, மரத்துக்கு ஒரு வருஷத்துக்குக் கிடைக்கும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குவரை இந்த மூடுபனியிலிருந்துதான் வருகிறது என்கிறார்கள். கடற்கரையை ஒட்டிய ஒரு குறுகிய பட்டையில் மட்டும் இந்த இனம் வளர்வதற்கும் அதுதான் காரணம். அதனால் 'ஐயோ, ஒரே பனியா இருக்கே' என்று ரூமில் முடங்காதீர்கள், அந்த நாளில்தான் போகணும். போட்டோவுக்கும் அதுதான் நல்லது. நல்ல வெயிலில் எடுத்தால் பாதி படம் வெள்ளையாகவும் மீதி கறுப்பாகவும் வரும், மூடுபனியில் பட்டையின் சிவப்பு அப்படியே கிடைக்கும். அடிமரத்துப் பக்கம் ஒரு ஆளைப் பாதையிலேயே நிற்க வைத்து எடுங்கள், இல்லையென்றால் வீட்டில் வந்து பார்க்கும்போது எல்லா மரமும் சாதாரண மரமாகத்தான் தெரியும்.

இந்தக் காடு ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதற்கும் காரணங்கள் உண்டு. தரை முழுக்க உதிர்ந்த ஊசியிலை மெத்தையாகக் கிடக்கிறது, காலடிச் சத்தமே எழும்பாது. பட்டை ஒரு அடிவரை தடிமன், நார்நாராக, தொட்டால் மெத்தென்று இருக்கும், அதுவும் சத்தத்தை வாங்கிக்கொள்கிறது. மரத்தில் டானின் அதிகம், கடுக்காயிலும் டீயிலும் இருக்கிற அதே துவர்ப்பு, அதனால் பூச்சிகளுக்கு இந்த மரத்தின் மேல் பெரிய ஆசை கிடையாது, பூச்சி குறைந்தால் அதைத் தின்னும் பறவையும் குறைவு. இருக்கிற பறவைகளும் நமக்கு எட்டாத உயரத்தில். எப்போதாவது ஒரு வேரீட் த்ரஷ், ஒரே சுரத்தை நீளமாக இழுத்து விசில் அடிக்கும். கொஞ்சம் விட்டு வேறொரு சுரம். அப்பா முதலில் அதை யாரோ வேலையாள் விசில் ஊதுகிறான் என்றுதான் நினைத்திருக்கிறார், பிறகு சொன்னார்.

கொடைக்கானல் பைன் காட்டை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் இந்தக் காடு குழப்பும். அங்கே இருப்பது ஒரே காலத்தில் நட்டு வளர்த்த மரங்கள், ஒரே பருமன், கீழே வெற்றுத்தரை. இங்கே ஆயிரம் வயசு மரத்துக்குப் பக்கத்தில் கட்டைவிரல் பருமனில் ஒரு கன்று நிற்கிறது, பக்கத்தில் எப்போதோ விழுந்த மரம் ஒன்று மட்காமல் கிடக்கிறது, அதன் முதுகிலேயே ஹக்கிள்பெர்ரி செடி, ஹெம்லாக் கன்று, ஃபெர்ன் எல்லாம் வேர்விட்டு வளர்கின்றன. வெட்டப்படாத பழங்காடு என்றால் பெரிய மரங்கள் மட்டும் இல்லை, இந்தக் கலவைதான். விழுந்து கிடப்பதும் காட்டில் ஒரு வேலை பார்க்கிறது. ரெட்வுட் விதை தக்காளி விதை அளவுதான், காயும் ஒரு அங்குலத்துக்கு மேல் போகாது. விதையைவிட அடிமரத்திலிருந்து தழைத்து வருவதுதான் அதிகம். தாய்மரம் போன பிறகு அதைச் சுற்றி வட்டமாக நாலைந்து மரங்கள் நிற்பதைப் பார்க்கலாம், நடுவில் வெற்றிடம்.

சில மரங்களின் அடியில் ஆளே உள்ளே போய் நிற்கிற அளவுக்குப் பொந்து இருக்கும். உள்சுவர் கரிபிடித்து, விரலை வைத்தால் கறுப்பு ஒட்டும். பழைய காட்டுத்தீ தின்ற இடம். இந்தப் பக்கம் குடியேறிய வெள்ளைக்காரர்கள் இந்த மாதிரிப் பொந்துகளில் வாத்து அடைத்திருக்கிறார்கள், அதனால் இன்றும் இதற்கு 'வாத்துப் பட்டி' என்றுதான் பெயர். உள்ளே இவ்வளவு வெந்தும் மேலே முந்நூறு அடி உயரத்தில் மரம் பச்சையாகத்தான் நிற்கிறது, ஏனென்றால் உயிர் ஓடுவது பட்டைக்குச் சற்று உள்ளே இருக்கும் வெளிவட்டத்தில், நடுக்கட்டை போனாலும் அது தாங்கிவிடும்.

அம்மாவை அதிக நேரம் நிறுத்தி வைத்தது மரம் இல்லை, தரையில் படர்ந்திருந்த ஒரு செடி. மூன்று மூன்றாக இதய வடிவ இலை, அகலமாக, பச்சைப் பசேல் என்று. பார்த்த உடனே "ஏ, இது புளியாரைல்ல!" என்று பேச்சுத் தடையை உடைத்துவிட்டார். கிட்டத்தட்ட சரிதான். ரெட்வுட் சாரெல் (sorrel) என்கிறார்கள், நம் புளியாரையின் அதே ஆக்ஸாலிஸ் குடும்பம், இலை மட்டும் நாலு மடங்கு பெரிசு. அம்மாவின் கை தானாகக் கீழே போனது, "ரெண்டு கை பறிச்சா ஒரு துவையலுக்கு ஆகும்." பூங்காவில் எதையும் பறிக்கக்கூடாது என்று நான் கையைப் பிடித்தேன். ஆனால் குனிந்ததால் ஒன்று கண்ணில் பட்டது. மூடுபனி விலகி மேலேயிருந்து ஒரு கீற்று வெயில் அந்தச் செடிகளின் மேல் விழுந்திருந்தது, வெயில் பட்ட இலைகள் மட்டும் மெல்ல மெல்லக் குடை மடக்குவது மாதிரி கீழே மடங்கிக்கொண்டிருந்தன. சில நிமிஷத்தில் முழுக்க மடங்கிவிட்டது. இரண்டு அடி தள்ளி நிழலில் இருந்ததெல்லாம் விரிந்தபடியே. நிழலுக்கே பழகிய செடி, நேர் வெயில் அதற்கு ஆகாது, கீற்று நகர்ந்ததும் திரும்பவும் விரியும். அந்த ஒரு இடத்திலேயே கால் மணி நேரம் போனது, பின்னால் வந்த இரண்டு பேரும் என்ன பார்க்கிறோம் என்று கேட்டுவிட்டு எங்களோடு குனிந்துகொண்டார்கள்.

பாதையை விட்டு இறங்காதீர்கள் என்று பலகை சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இவ்வளவு பெரிய மரத்துக்கு ஆணிவேர் கிடையாது. வேர் ஆறிலிருந்து பன்னிரண்டு அடி ஆழம்தான், பக்கவாட்டில் நூறு அடிவரை ஓடிப் பக்கத்து மரத்தின் வேரோடு பின்னிக்கொண்டு நிற்கிறது. மேல்மண்ணை நாம் மிதித்து இறுக்கினால் தண்ணீர் இறங்காது. ஹைப்பீரியன் என்ற மரத்துக்கு நடந்தது இதுதான். 2006-ல் கண்டுபிடித்த உலகிலேயே உயரமான மரம், 380 அடி, இதே பூங்காவில் இருக்கிறது. இடத்தைப் பூங்கா நிர்வாகம் சொல்லவில்லை, இணையத்தில் கசிந்து ஆட்கள் புதரை மிதித்துக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். அடிமரத்தைச் சுற்றி ஃபெர்னே இல்லாமல் போனது. 2022-லிருந்து அந்தப் பகுதிக்குள் போனால் 5,000 டாலர்வரை அபராதம், ஆறு மாதம்வரை சிறை. நம் ஆட்களிலும் சிலர் 'எங்கே இருக்குன்னு தெரியும், கூட்டிட்டுப் போறேன்' என்கிறார்கள். போகாதீர்கள். அடியில் நின்றால் உச்சி தெரியப்போவதில்லை, 380-க்கும் 300-க்கும் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

சரி, பலகை. 1968 அக்டோபரில் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த லிண்டன் ஜான்சன் கையெழுத்துப் போட்டு இந்தத் தேசியப் பூங்கா உருவானது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 27-ஆம் தேதி, ஜான்சனின் பிறந்தநாளன்று, அப்போதைய ஜனாதிபதி நிக்சன் இந்த இடத்துக்கு வந்து தோப்புக்கு ஜான்சன் மனைவியின் பெயரை வைத்தார். ஒரு கட்சி ஜனாதிபதி, எதிர்க்கட்சியின் முன்னாள் ஜனாதிபதியின் மனைவி பெயரை வைக்கிறார், கலிஃபோர்னியா கவர்னராக இருந்த ரீகனும் கூட நிற்கிறார். அப்பா இதைப் படித்துவிட்டு நம் ஊர் அரசியலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார், அதை இங்கே எழுதவேண்டாம்.

ஆனால் பலகையில் இருப்பது பாதிக் கதைதான். பழைய ரெட்வுட் காட்டில் இன்று மிச்சம் இருப்பது ஐந்து சதவீதம் அளவுதான், மற்றதெல்லாம் 1850-களில் தொடங்கி வெட்டிக் கட்டடமாகிவிட்டது. பூங்கா அறிவித்த பிறகும் எல்லைக்கு வெளியே மேட்டுப்பகுதியில் வெட்டு நிற்கவில்லை, மண் சரிந்து ஓடைக்கு வந்தது, 1978-ல் ஜனாதிபதி கார்ட்டர் காலத்தில்தான் பூங்காவைப் பெரிதாக்கினார்கள். அதை எதிர்த்து இந்தப் பக்கத்து மரம்வெட்டும் தொழிலாளர்கள் 1977-ல் ரெட்வுட் கட்டையில் பிரம்மாண்டமான ஒரு வேர்க்கடலையைச் செதுக்கி, லாரியில் ஏற்றி வாஷிங்டன்வரை கொண்டுபோனார்கள். கார்ட்டர் கடலை விவசாயி என்பதால் இந்தக் குத்தல். வெள்ளை மாளிகை வாங்கிக்கொள்ளவில்லை, கடலை ஓரிக்குக்கே திரும்பி வந்தது. கீழே ஊரில் மூடிக்கிடக்கும் கடைகளைப் பார்க்கும்போது அவர்களுடைய கோபமும் புரிகிறது. இவர்கள் எல்லோருக்கும் முன்னால் இந்த நிலம் யூரோக் மக்களுடையது, விழுந்த ரெட்வுட்டைக் குடைந்து படகும், பலகை பிளந்து வீடும் செய்தவர்கள். 2022-லிருந்து கலிஃபோர்னியா காண்டோர் கழுகுகளை இங்கே திரும்பவும் பறக்க விட்டிருப்பதும் அவர்கள் முயற்சிதான்.

சாப்பாட்டு விஷயம். கட்டிக்கொண்டு போன புளியோதரையைப் பாதையில் பிரிக்காதீர்கள். இது சுத்தம் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. மார்பிள்ட் மர்லெட் என்று ஒரு கடற்பறவை, மீன் பிடிப்பது கடலில், முட்டையிடுவது இந்தப் பழைய மரங்களின் பாசி படிந்த அகலக் கிளையில், அதுவும் ஒரே ஒரு முட்டை. அதன் கூடு எங்கே என்பதே 1974-ல், தெற்கே பிக் பேசின் பூங்காவில் மரமேறிய ஒருவர் தற்செயலாகப் பார்த்த பிறகுதான் தெரியவந்தது. நாம் சிந்தும் சாதத்துக்கும் சிப்ஸுக்கும் ஜே பறவையும் அண்டங்காக்கையும் பெருகுகின்றன, வந்தவை அப்படியே மேலே போய் அந்த முட்டையையும் தின்கின்றன. நாங்கள் காருக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டோம், விழுந்த பருக்கையை அம்மா ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

எப்போது போகலாம் என்று கேட்டால், மே கடைசியிலிருந்து ஜூன் வரை. ரோடோடெண்ட்ரான் இளஞ்சிவப்பாகப் பூத்திருக்கும், பள்ளி விடுமுறைக் கூட்டமும் முழுசாக வந்திருக்காது. குளிர்காலத்தில் ஆளே இருக்கமாட்டார்கள், ஆனால் மழை கொட்டும். மழையோடு பலத்த காற்றும் இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், அவ்வளவு உயரத்திலிருந்து முறிந்து விழும் கிளைக்கு முன்னால் ரெயின்கோட் ஒன்றும் செய்யாது. ஓரிக் பக்கம் 101-ல் ரூஸ்வெல்ட் எல்க் மான்கள் கூட்டமாக ரோட்டைக் கடக்கும், மூடுபனியில் மெதுவாக ஓட்டுங்கள், படம் எடுக்கணுமென்றால் காருக்குள்ளிருந்தே எடுங்கள், ஆண் மான் பார்க்கத்தான் சாது.

இன்னொரு நாள் கையில் இருந்தால் அதே ரோட்டில் மேலே இருக்கும் டால் ட்ரீஸ் தோப்புக்குப் போகலாமா என்று கேட்பார்கள். அதற்குப் பர்மிட் வேண்டும், திரும்பும்போது செங்குத்தாக ஏறி வரணும், பெரியவர்களுக்கு வேண்டாம். பதிலாக வடக்கே க்ரெசென்ட் சிட்டிக்குப் பக்கத்தில் ஸ்டவுட் தோப்புக்குப் போங்கள். அரை மைல் சுற்றுதான். ஒரு மரவியாபாரியின் நினைவாக அவர் மனைவி 1929-ல் கொடுத்த 44 ஏக்கர். ஸ்மித் ஆற்று வெள்ளம் அவ்வப்போது ஏறிப் புதரையெல்லாம் அடித்துக்கொண்டு போவதால் அடிமரம் முழுசாகத் தெரியும், சாயங்கால வெயில் சாய்வாக உள்ளே விழுகிற நேரம் பார்த்துப் போனால் நல்லது. போகிற ஹவ்லண்ட் ஹில் ரோடு மண்ரோடு, குறுகல், சில இடத்தில் எதிரே கார் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுத்துத்தான் ஆகணும், குழிகளும் உண்டு. வாடகைக் கார் என்றால் மண்ரோட்டில் ஓட்ட அனுமதி இருக்கிறதா என்று முன்னாடியே ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.